பீங்கானின் அடியில் உரைத்த கொம்பு

எனக்குக் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு வந்த மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு மான் தலை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்று முன்பின்னாக வந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திராது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மல்வேர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று நாலு பேர் இருந்தோம். ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேலே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவரை நாங்கள் மேல்வீட்டுக்காரர் என்றுதான் சொல்வோம். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். அதிகம் பேசமாட்டார். எனக்கும் கதை குறைவு. அதனால் படியில் சந்தித்தால் இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு விலகிக்கொள்வோம்.

இலையெல்லாம் கொட்டி முடிந்ததும் அவர் துவக்கை எடுத்துக்கொண்டு மனைவியின் தம்பியோடு வடக்கே காட்டுக்கு வேட்டைக்குப் போவார். அந்த வருடம் திரும்பி வந்தபோது வண்டியின் பின்னால் பெரிய கலைமான் ஒன்று கிடந்தது. இறைச்சியில் எங்களுக்கும் இரண்டு பொதி கிடைத்தது. அம்மா அதை வறுத்த மிளகாய்த் தூள் போட்டுக் காய்ச்சி ஒரு கிண்ணம் மேலே அனுப்பினாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து முழுவதையும் சாப்பிட்டாராம் என்று அவர் மனைவி கழுவிய கிண்ணத்தோடு வந்து சொன்னார்.

இறைச்சியோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு, அவித்துச் சுரண்டி வெள்ளையாக்கிய மண்டை ஓட்டையும் அதில் நின்ற கொம்புகளையும் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்காரர் கீழே வந்தார். எனக்குப் பள்ளிக்கூட இங்கிலீசு கொஞ்சம் விளங்கும், பெரியவர்களில் சித்தப்பாவுக்குத்தான் அது ஓடும். அவர் கேட்டு அம்மாவுக்குச் சொன்னார். கொம்பை அளந்து புள்ளி போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். உடனே அளக்கமாட்டார்கள். கொம்பு காயக் காயச் சுருங்கும் என்பதால் இரண்டு மாதம் வீட்டுக் காற்றில் தொங்கவிட்ட பிறகுதான் அளப்பார்கள். புள்ளி போதுமானால் சுட்டவரின் பெயர் ஒரு புத்தகத்தில் ஏறும். மேலே தொங்கவிட மனைவி சம்மதிக்கவில்லை. கராஜில் பனி. பேஸ்மென்ற் என்றால் நல்ல ஈரம், கொம்பு அதிகம் சுருங்காது.

எங்கள் சுவர்களின் ஈரத்தைப் பற்றி அம்மா இரண்டு தடவை முறைப்பாடு சொல்லியிருந்தாள். அது ஒருவருக்கு உதவும் என்று அன்றுதான் தெரிந்தது.

"செத்த மிருகத்தின்ரை மண்டைக்குக் கீழை நான் என்னண்டு சமைக்கிறது?" என்றாள் அம்மா.

"அண்ணி, உது மண்டையில்லை, ரோஃபி, வெற்றிக் கேடயம் மாதிரி. உங்கடை சோத்துப்பானை ஆவி உதுக்கு நல்லதாம்."

"வெள்ளிக்கிழமையிலும் உது என்னைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்கப்போகுது?"

கடைசியில் மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆணியில் அது தொங்கியது. அம்மா தன் பழைய நீலச் சேலையில் ஒரு துண்டு கிழித்து அதை மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு சித்தப்பாவுக்குக் கொம்புப் பைத்தியம் பிடித்துவிட்டது. இரவு பேக்கரி வேலைக்குப் போகுமுன் வாசலில் மேல்வீட்டுக்காரரோடு நின்று சிகரெட் பிடிப்பார். பிறகு கீழே வந்து எங்களுக்குப் பாடம் எடுப்பார். தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், சுற்றளவு, நடுவில் உள்ள அகலம், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டினால் மட்டும் போதாது. இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கத்துக் கிளை மற்றப் பக்கத்தைவிடக் கட்டையாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடுவார்கள். மனைவியின் தம்பி முன்னொரு வருடம் சுட்ட மானின் கொம்பு மிகப் பெரியது. அவருடைய பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கிறிஸ்மஸ் வந்தால் ஒவ்வொரு நத்தார் விருந்திலும் அவர் அந்தக் கதையைச் சொல்லுவாராம். மேல்வீட்டுக்காரரின் கொம்பு அவ்வளவு பெரிது இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே மாதிரி. கழிக்க ஒன்றும் இல்லை. மட்டுமட்டாகப் புத்தகத்தில் ஏறிவிடும். முப்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவருக்கு இதுதான் முதல் தடவை.

"பெரிய கொம்பெண்டால் என்ன அர்த்தம் தெரியுமோ அண்ணி? கன வருசம் எல்லா வேட்டைக்காரனையும் பேய்க்காட்டித் தப்பினவன் எண்டு அர்த்தம். சின்னக் கொம்பன் வந்தால் மேல்வீட்டுக் கிழவர் சுடமாட்டாராம். வளரட்டும் எண்டு விட்டிடுவாராம். அளக்கிறது அந்த மானுக்குக் குடுக்கிற மரியாதை."

"மரியாதை மானுக்கெண்டால் புத்தகத்திலை ஏன் இவரின்ரை பேர்?"

சித்தப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பேக்கரிக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு வலப் பக்கத்துக் கன்னம் வீங்கியது. ஊரில் கூகைக்கட்டு என்போம், இந்தியாவில் பொன்னுக்கு வீங்கி என்பார்கள். சித்தப்பா என் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பக்கம் மட்டும் எண்டால் கழிச்சுப்போடுவாங்கள் பிள்ளை. மற்றப் பக்கமும் வீங்கட்டும், உன்ரை பேரையும் புத்தகத்திலை போடுவம்."

மறுநாள் மற்றப் பக்கமும் வீங்கியது.

டொக்ரர் தொட்டுப் பார்த்துவிட்டு இதற்கு மருந்து இல்லை, தானாகப் போய்விடும் என்றார். மருந்து இல்லை என்று சொல்வதற்கு ஒரு டொக்ரரா என்று அம்மா பஸ்ஸில் வரும்போது முழுவதும் புறுபுறுத்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டியவள் திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள். நீலச் சேலைத் துண்டைப் பார்த்தாள்.

ஊரில் கூகைக்கட்டுக்கு மான்கொம்பை உரைத்துப் பூசுவார்கள். கொம்பைக் கல்லில் உரைப்பதுதான் முறை. இங்கே கல் இல்லை, கொம்பை இறக்கவும் அவளுக்குப் பயம். ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, அதன் அடியில் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் தேசிக்காய்ப் புளி, எலுமிச்சைச் சாறுதான், விட்டு, பீங்கானைக் கொம்பில் உரைத்தாள். கைக்கு எட்டியது வலப் பக்கத்துப் பெரிய கிளை. சாம்பல் நிறத்தில் ஊறிய பசையை வழித்து என் இரண்டு கன்னத்திலும் பூசினாள். குளிர்ச்சியாக இருந்தது. செத்த ஆட்டின் மணமும் வந்தது.

அந்த வாரம் எங்கள் தெருவில் இன்னும் மூன்று நாலு பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கியது. அவர்களும் எங்களைப்போல் புதிதாக வந்தவர்கள். அசல் மான்கொம்பு இருக்கிறது என்ற செய்தி எப்படிப் போனதோ தெரியாது, தாய்மார் சின்னச் சின்னக் கிண்ணங்களோடு வந்துவிட்டார்கள். கூகைக்கட்டுக்கு மட்டும் இல்லை, ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவருக்குப் பல்லுக்குத்து. அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. ஊரில் அவளை ஒருவரும் தேடி வந்தது கிடையாது. இங்கே அன்ரி, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள்.

மேல்வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் கொம்பைப் பார்க்க வருவார். நான் இன்னும் கன்னத்தில் பசையோடு படுத்திருந்த ஒரு சனிக்கிழமை அவர் கதவைத் தட்டினார். அப்பாவும் சித்தப்பாவும் வீட்டில் இல்லை. அவர் சேலைத் துண்டை விலக்கி, ஒவ்வொரு கிளையாகத் தடவிக்கொண்டு வந்தார். வலப் பக்கத்துப் பெரிய கிளையின் நுனியில் அவருடைய பெருவிரல் நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். அடுப்படியில் கவிழ்ந்திருந்த பீங்கானையும் பார்த்தார். அம்மா அகப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

நோகிறதா என்று அவர் என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். பிறகு சேலைத் துண்டை முன்பு இருந்ததைவிட ஒழுங்காக இழுத்து, அந்த நுனி நன்றாக மறையும்படி மூடிவிட்டு மேலே போனார்.

"என்ன சொன்னவர்?"

"நோகுதோ எண்டு கேட்டவர்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

அம்மா மூச்சு விட்டாள். "பிள்ளையார் கண்ணை மறைச்சுப்போட்டார்," என்று சொல்லி அன்று மாலையே பீங்கானைக் கழுவி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

சித்தப்பா விஷயத்தைக் கண்டுபிடித்தது, அளக்கிறவர் வரும் நாளுக்கு முதல் நாள். தூசி தட்டி வைப்போம் என்று துணியை எடுத்தவர் அப்படியே படியில் குந்திவிட்டார்.

"அண்ணி, இதென்ன அண்ணி? ஆரிது கடிச்சது?"

அம்மா சொன்னாள்.

"எத்தினை பேருக்கு?"

"நான் எண்ணினனே?"

"அரை அங்குலம் தேஞ்சு போட்டுது. முப்பது வருசமாய்க் கிழவர் பாத்துக்கொண்டிருந்தது இதுக்குத்தான். இந்தப் பனிக்குள்ளை எங்களை வெளியிலை போகச் சொன்னால் எங்கை போறது?"

"நாளைக்கு நான் போய்ச் சொல்லுறன். நீர் இங்கிலீசிலை மாத்திச் சொல்லும்."

"என்னெண்டு சொல்லுறது? உங்கடை கொம்பைப் பிள்ளையளுக்குப் பூசிப்போட்டம் எண்டோ?"

மறுநாள் அம்மாவும் சித்தப்பாவும் நானும் மேலே போனோம். அம்மா வெறுங்கையோடு போகாமல் தட்டில் வடை கொண்டுபோனாள். ஆனால் அளக்கிறவர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சித்தப்பா பேக்கரியால் வர முன்பே மேல்வீட்டுக்காரர் துணியோடு தூக்கிப்போன கொம்பை மேசையில் வைத்துத் துணியையும் எடுத்தாகிவிட்டது. மனைவியின் தம்பி பியர் போத்தலோடு எதிரில் சாய்ந்திருந்தார். சொல்ல வந்ததைச் சொல்ல இடமில்லாமல் நாங்கள் சுவரோரம் நின்றோம்.

அளக்கிறவர் மெல்லிய இரும்பு நாடாவால் கிளை கிளையாக அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். வலப் பக்கத்துப் பெரிய கிளைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நுனி தேய்ந்திருக்கிறதே என்றார்.

சித்தப்பா என் தோளைப் பிடித்தார்.

மேல்வீட்டுக்காரர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. அந்த மான் அப்படித்தான், மரத்திலும் கல்லிலும் தேய்த்துக்கொண்டே திரிந்தது, சுட்ட அன்றும் இப்படித்தான் இருந்தது என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மனைவியின் தம்பி நிமிர்ந்து எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மேல்வீட்டுக்காரர் இன்னொரு பியரைத் திறந்து அவர் கையில் வைத்தார். தம்பி அதைக் குடிக்கத் தொடங்கினார்.

"என்னவாம்?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டாள்.

"மான் மரத்திலை தேய்ச்சதாம்."

கூட்டி, கழித்து, மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு அளக்கிறவர் தலையை ஆட்டினார். அந்த ஒரு கிளையின் வித்தியாசம்தான், மயிரிழையில் தவறிவிட்டது என்றார். மேல்வீட்டுக்காரர் பரவாயில்லை என்பதுபோல் கையை விரித்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார். மனைவியின் தம்பி தன் நத்தார் கதையைத் தொடங்கினார்.

படியில் இறங்கும்போது எனக்கு அவரை நினைக்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய வேட்டைக்காரர், தான் சுட்ட மானின் கொம்பு எப்படி இருந்தது என்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

கீழே வந்ததும் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு சூட்கேசையும் இழுத்து வெளியே வைத்தாள். அப்பா வேலையால் வந்து பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டார். மேல்வீட்டுக்காரர் வாயால் போகச் சொல்ல முன் நாங்களே போய்விடுவோம், அந்த மனிசன்ரை முகத்தில் நான் என்னண்டு முழிக்கிறது என்றாள். அந்த வாரம் சித்தப்பா மல்வேர்னில் வேறு இடம் விசாரித்துக்கொண்டு திரிந்தார்.

அடுத்த சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டுக்காரர் கொம்பைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் உள்ளே வந்து, இருக்க இடம் தேடுவதுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய சூட்கேசின் மேலேயே இருந்துகொண்டார். காற்சட்டையின் வலக் காலை முழங்காலுக்கு மேலே சுருட்டி, அதைக் காட்டி என்னிடம் ஏதோ சொன்னார்.

"முழங்கால் வீங்கிப்போச்சாம். எனக்குப் பூசினதைத் தனக்கும் பூசட்டாம்," என்றேன்.

அம்மா குனிந்து அந்த முழங்காலை உற்றுப் பார்த்தாள். பிறகு அலுமாரியிலிருந்து பீங்கானை எடுத்து வந்து, பழக்கத்தில் வலப் பக்கத்துக் கிளைக்குக் கையைக் கொண்டுபோனாள். அவர் கொம்பைத் திருப்பி இடப் பக்கத்துக் கிளையை நீட்டினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உரைத்தாள். அவளுடைய கண்ணிலிருந்து இரண்டு துளி பீங்கானில் விழுந்தது. தேசிக்காய்ப் புளி தெறித்திருக்கும் என்று நினைத்தேன்.

அவர் போன பிறகு அம்மா சூட்கேஸ்களைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அன்று இடது முழங்காலைக் காட்டினார். போன கிழமை மற்றக் கால் அல்லவா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் நுள்ளினாள். அன்றும் இடப் பக்கத்துக் கிளையைத்தான் நீட்டினார். இப்படியே தேய்த்தால் இரண்டு பக்கமும் மறுபடி சரிசமனாகிவிடும், அடுத்த வருடம் திரும்ப அளப்பிக்கத்தான் கிழவர் இந்த வேலை பார்க்கிறார் என்று எனக்குப் பிடிபட்டது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பூசி முடிந்ததும் அவர் எழுந்து நன்றி சொன்னார். பிறகு கொம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறிப் போனார். அம்மாவின் மருந்து இவ்வளவு கெதியாக வேலை செய்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.