சத்தம் வைக்காத டி.வி.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். ஆரணியில், வீட்டுக்கு வீடு பட்டுத் தறி ஓடும் எங்கள் தெருவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது.

என் தங்கைக்குப் பொது அறிவு என்றால் பைத்தியம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், மின்னல் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடு என்று தறியில் உட்கார்ந்தபடியே தெருவையே கேள்வி கேட்டுக் குடைவாள். "இதெல்லாம் தெரிஞ்சிகினு என்னாடி பண்ணப் போற?" என்று கிண்டல் செய்வேன். அவளையும் மதித்து ஒரு டி.வி. சேனல் வினாடி வினாவுக்குக் கூப்பிட்டது. சென்னைக்குப் போய் ஷூட்டிங் முடித்து வந்தாள். ஜெயித்தாளா, தோற்றாளா, ஒன்றும் சொல்லவில்லை. டி.வி.யிலேயே பாருங்கள் என்று ஒரே பிகு.

அது ஒளிபரப்பாவதற்குள் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிரோடு திரும்பவில்லை.

கல்யாண ஆல்பங்களில் அவள் முகம் இருந்தது. குரல்தான் எங்கேயும் இல்லை. அதனால் நிகழ்ச்சி வரும் தேதி தெரிந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு. "ஒரு தடவ அவ பேசறத கேட்டுட்டா போதும்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தெருமுனை வீடியோ கடைக்காரர் கேசட்டில் பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

நிகழ்ச்சி வரவேண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எதிர் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார்.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை தறி ஓடாது, ரேடியோ, டி.வி. எதுவும் பாடாது. வீடியோ கடைக்காரரும் கடையைச் சாத்திவிட்டுப் பாடை கட்டப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. சாக இந்த நாள்தான் கிடைத்ததா என்றுகூட நினைத்தேன். பக்கத்துத் தெருவில் போய்ப் பார்க்கலாம் என்றேன்.

"எதிர்ல பொணம் கெடக்க சொல்ல, அதத் தாண்டிகினு டி.வி. பாக்கப் போறதா? நாலு பேரு காறித் துப்புவான்" என்றார் அப்பா.

கடைசியில் கதவைச் சாத்தி, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு டி.வி.யைப் போட்டோம்.

வந்தாள். என் நீலப் புடவையில், மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்பவர் வாயசைத்தார், இவள் வாயசைத்தாள். வெளியே ஒப்பாரி கேட்டது, உள்ளே இவள் சிரித்தாள். அம்மா திரையை ஒட்டிப் போய் உட்கார்ந்து அதில் காதை வைத்தாள். ஒரு கேள்விக்குத் தங்கை வெகுநேரம் யோசித்து என்னவோ சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"என்னாடி சொன்னா?"

"தெரிலம்மா."

"பாத்துகினுதானே இருந்த? என்னா சொன்னா?"

சத்தத்தை வைத்துவிடலாம் என்று எழுந்தேன். அப்பா முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன். பெயர்கள் ஓடின, நிகழ்ச்சி முடிந்தது.

அப்போது கதவு தட்டும் சத்தம். எதிர் வீட்டு அம்மாவின் ஓரகத்தி தலைவிரி கோலமாக நின்றாள்.

"அக்கா, டி.வி.ய சத்தமா வெச்சிக்கச் சொன்னாங்க. இன்னிக்கு உங்க பொண்ணு டி.வி.ல வருதுன்னு இப்பதான் யாரோ அவங்க காதுல போட்டாங்க. 'எங்க வூட்டுக்காரரு அந்தப் பொண்ணுகிட்ட தெனம் கேள்வி கேட்டு வாயாடுவாரு, அவரும் கேட்டுகினே போவட்டும்'னு அழுதுகினே சொல்லி அனுப்புனாங்க."

டி.வி.யில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தரையில் சாய்ந்து கதறிய கதறலில் எதிர் வீட்டு ஒப்பாரியே ஒரு நிமிடம் நின்றுபோனது.

அப்புறம் சேனலுக்கு எழுதினோம். அந்த டேப்பில் வேறு நிகழ்ச்சி பதிவாகிவிட்டதாம். அம்மாவும் அவள் குரலைக் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

தாலியை இழந்து உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும் எங்களை நினைத்த அந்த அம்மாவின் மனசு யாருக்கு வரும்? பத்தடி தள்ளித்தான் எதிர் வீடு. ஊர் என்ன சொல்லும் என்று பயந்த நாங்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் கண்ணை மூடினால் என் தங்கை பேசுவது கேட்கும். இப்போது எவ்வளவு முயன்றாலும் அவள் உதடுகள் அசைவது மட்டும்தான் தெரிகிறது.