சர்வருக்கு ஸ்கேன்

எங்கள் மெஸ்ஸுக்கும் என் கொழுந்தனார் மெஸ்ஸுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர். என் வீட்டுக்காரர் போன பிறகு பாகம் பிரித்தபோது எழுப்பியது. விழுப்புரம் ரயிலடியிலிருந்து நடந்து வருகிறவர்களின் கண்ணில் முதலில் படும் ரோட்டுப் பக்கம் அவருக்குப் போனது. கிணறும் முருங்கை மரமும் இருந்த பின்பக்கம், ஒரு சந்தோடு சேர்த்து, எனக்கு வந்தது. "ஒங்களுக்குத் தண்ணி வசதி இருக்குது அண்ணி, கொடுத்து வெச்சவங்க" என்றார் அப்போது. அந்தக் கிணற்றில் அவரைத் தள்ளுவதாகப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கெட்டுப்போகுமே என்றுதான் விட்டுவைத்தேன்.

ரோட்டுப் பக்கம் இருந்தும் அவர் கடைக்குக் கூட்டம் இல்லை. என் குழம்புக்காகச் சந்துக்குள் நுழைந்து வந்தார்கள். பிறகு திடீரென்று எல்லாம் மாறியது. காலையில் நான் மொச்சைக்கொட்டை போட்டுக் கத்திரிக்காய்க் குழம்பு கூட்டினால், பந்தி போடுவதற்கு முன்பே அவர் கடை வாசல் போர்டில் 'இன்று ஸ்பெஷல்' என்று அதே குழம்பு. கேப்பைக் களி கிண்டினால் அங்கேயும் களி. வேர்க்கடலையை வறுத்து மல்லாட்டைத் துவையல் அரைத்தால் அங்கேயும் மல்லாட்டைத் துவையல். ருசி என்னுடையதுபோல வராது. ஆனால் பசியோடு வருகிறவன் முதலில் பார்க்கிற போர்டில்தானே நிற்பான்.

அந்தச் சமயம் பார்த்து, திண்டிவனம் போகும் ரோட்டில் உள்ள ஒரு நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் சமையல்கட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டி முடிக்கும்வரை பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு வெளியிலிருந்துதான். எங்கள் இரண்டு கடைகளில் ஒன்றைச் சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ய வார்டனம்மா வருவதாகப் பேச்சு. அந்த ஆர்டர் கிடைத்தால் என் அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டுத் திண்டிவனத்தில் மகன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். டிவி பார்ப்பது கொழுந்தனாரின் தொழில் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கடையில் என்னைத் தவிர இருந்தவர் சர்வர் ஒருவர்தான். பக்கத்துக் கெடார் ஊர்க்காரர், தலை நரைத்தவர். இலை போடுவது, பரிமாறுவது, என்னோடு சண்டை போடுவது மூன்றும் அவர் வேலை. என் குழம்புச் செய்தி சுவருக்கு அந்தப் பக்கம் போகிறதென்றால் யார் வாய் வழியாகப் போகும்? அவரையே நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பதிலுக்கு ஓரக்கண்ணால் பார்த்தார். இரண்டு பேரும் ஒரு வாரம் நேராகவே பார்த்துக்கொள்ளவில்லை.

திண்டிவனத்தில் இருக்கும் என் மருமகளுக்கு போன் போட்டு அழுதேன். அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள்.

"அழாதீங்க அத்த. எனக்கென்னமோ ஒங்க நெட்டுக்குள்ள யாரோ பூந்திருக்காங்கன்னு தோணுது. நாளைக்கு ஒரு கண்டெய்னர் கொண்டாந்து சர்வர்ல எறக்கிடறேன். ஸ்கேன் பண்ணா உள்ள யாரு இருக்கான்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். கண்டெய்னர் என்றால் பைபாஸில் அலறிக்கொண்டு போகும் நீளப் பெட்டி லாரி. சர்வர் என்றால் எங்கள் சர்வர். ஸ்கேன் என்றால் ஆஸ்பத்திரிக்கு எதிரில் வயிற்றில் பசையைத் தடவிப் பார்ப்பார்களே, அது. லாரி எதற்கு என்பது மட்டும் விளங்கவில்லை. சர்வர்மேல் எனக்கு இருந்த சந்தேகம் மருமகளுக்கும் வந்துவிட்டது என்பது நன்றாக விளங்கியது.

"நாளைக்குக் காலையில ஒண்ணும் துண்ணாம வா. ஒனக்கு ஸ்கேன் எடுக்கறாங்களாம்" என்றேன் சர்வரிடம்.

"எனக்கா? எனக்கு என்னா நோவு ஆயா?"

"நோவு இல்ல. ஒனக்குள்ள யாரு இருக்கான்னு பாக்கணுமாம்."

அவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "இந்த வயசுல எனக்குள்ள யாரு ஆயா இருக்கப் போறாங்க?"

மறுநாள் சந்தில் நின்ற சைக்கிள், பைக் எல்லாவற்றையும் ஒதுக்கி லாரிக்கு வழி பண்ணினேன். கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். "என்னா அண்ணி, லோடு எதாச்சும் வருதா?"

"வருதுபா. ஒங்களுக்கும் சேத்துதான்" என்றேன். வாயில் வந்தது அப்படித்தான் வந்தது. பலித்துவிட்டது.

லாரி வரவில்லை. மருமகள் வந்தாள், பாசஞ்சர் ரயிலில், ஒரு கட்டைப்பையோடு. பைக்குள் அவள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்.

"கண்டெய்னர் எங்கடி?"

"இதுக்குள்ளதான் எறக்கப் போறேன் அத்த. இதான் சர்வர்."

பட்டினியாக வந்து நின்றிருந்த எங்கள் சர்வர் அந்தக் கறுப்புப் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் இட்லி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பந்தி முடிந்த பிறகு மருமகள் பில் போடும் மேசையில் அந்தப் பெட்டியை வைத்து வேலையை ஆரம்பித்தாள். நெட்டிலிருந்து எதையோ இறக்கினாள். அது அடுக்கடுக்காக வந்தது. டிபன் கேரியரில் ஒவ்வொரு அடுக்காகக் கோத்துக் கடைசியில் கொக்கி போடுவதுபோல இருந்தது பார்க்க. கண்டெய்னர் என்றால் என்ன என்று கேட்டேன்.

"பார்சல் சாப்பாடு கட்டறீங்கல்ல, சோறு, கொழம்பு, ஊறுகா, எலை எல்லாம் ஒண்ணா வெச்சி? பிரிச்சவன் வூட்டுல உப்பு இருக்கா, தட்டு இருக்கான்னு பாக்கத் தேவையில்ல. அது மாதிரி ஒரு டப்பா. நெட்டுல யார் யாரு இருக்காங்கன்னு தேடற மிஷினு, அதுக்கு வேண்டிய சாமான் எல்லாம் டப்பாக்குள்ளயே இருக்குது. சர்வர்ல எறக்கி ஓட வுட்டா வேல முடிஞ்சது."

ஓட விட்டாள். திரையில் ஒரு பக்கம் திறந்தது. அதில் ஒரே ஒரு வரி, பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, பச்சை சிவப்பு தெரியும். ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார், மாட்டிக்கொண்டார் என்று துடைப்பத்தைத் தேடினேன்.

மருமகள் நாக்கைக் கடித்தாள். "நான்தான் தப்பு பண்ணிட்டேன் அத்த. டப்பாவுக்குத் தனியா ஒரு நெட்டு குடுத்துட்டேன். அது வெளிய பாக்காம தன்னையே பாத்துக்கினு நிக்குது."

"ஒன் புருஷன் கண்ணாடி முன்னாடி நிப்பானே, அப்படியா?"

"அதே மாதிரிதான். புடிச்சு வெளிய இழுக்கணும்."

டப்பாவை நிறுத்தினாள், அழித்தாள், எங்கள் கடையின் நெட்டையே அதற்குக் கொடுத்து மறுபடி ஓட விட்டாள். இந்த முறை வரி வரியாக வந்தது. இந்தக் கம்ப்யூட்டரையும் நெட்டுப் பெட்டியையும் விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். என் போனை அணைத்தால் ஒரு பச்சை கொஞ்ச நேரத்தில் சிவப்பானது. சர்வர் போன் ஒன்று. பில் மிஷின் ஒன்று. கேமரா இரண்டு. எங்கள் டிவி ஒன்று. எல்லாம் சிவந்த பிறகும் ஒன்று மட்டும் பச்சையாகவே நின்றது.

"இது ஒரு டிவி அத்த. பெரிய டிவி."

எங்களிடம் இருப்பது ஒரே டிவி. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சீரியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். நான் எழுந்து போய்ச் சுவரைத் தட்டினேன்.

"கொழுந்தனாரே, டிவிய செத்த நிறுத்துங்க. தலய வலிக்குது."

"சரி அண்ணி."

மாமியார் வாயை மூடினாள். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சைப் பொட்டு சிவந்தது. நான் அதைப் பார்த்த மாதிரி என் கல்யாணப் பட்டுப்புடவையைக்கூடப் பார்த்ததில்லை.

"வைபை பாஸ்வேர்டு அவருக்கு யாரு குடுத்தா?" என்றாள் மருமகள்.

நான்தான். என் வீட்டுக்காரருக்குக் கருமாதி நடந்த அன்று. சொந்தக்காரர்கள் எல்லாம் போன் பார்க்க வேண்டுமாம் என்று கேட்டார். அழுத மூக்கோடு சொன்னேன். அப்புறம் ஒரு கேஸ் சிலிண்டர் திருடு போனபோது, அவரே ஆளைக் கூட்டி வந்து என் கூடத்திலும் சமையல்கட்டிலும் கேமரா மாட்டிக்கொடுத்தார். பார், அண்ணன் இல்லாத குறைக்கு எவ்வளவு அக்கறை என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

மருமகள் கேமராவைக் கம்ப்யூட்டரில் தட்டித் திறந்து பார்த்தாள். கடையிலிருந்து வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டே இன்னும் இருந்தது. எங்கள் நெட்டில் இருக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். காலையில் என் அடுப்படி, மதியம் சீரியல். அதுதான் அவர் டிவி.

"எல்லாத்தையும் இப்பவே மாத்திடறேன்" என்றாள்.

"தொடாத."

"ஏன் அத்த?"

"அந்தக் கேமராவுல நம்ம அடுப்படி எப்படித் தெரியுதுன்னு காட்டு."

காட்டினாள். கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிந்திருந்தது. அரிசியா ரவையா என்று தெரியாது. சத்தமும் வராது. வாசனை வருகிற கேமரா இன்னும் யாரும் செய்யவில்லை. கருமாதி அன்று என் வாயிலிருந்து வாங்கியதை அவர் வாயாலேயே நாலு பேர் முன்னால் சொல்லவைக்க வேண்டும். பாஸ்வேர்டு மாற்றினால் அவருக்கு டிவி மட்டும்தானே போகும்.

வார்டனம்மா போன் செய்தபோது வழி கிடைத்தது. புதன்கிழமை வருகிறாராம். "அன்னிக்குத் திருவாமாத்தூர் கோயில்ல ஒரு வேண்டுதல் இருக்குதும்மா. சாமி பாத்துட்டு நேரா வர்றேன். கவுச்சி வாடகூட ஆவாது. பக்கத்துக் கடை ஒங்க கொழுந்தனாருதுதானே, அவருக்கும் சொல்லிடுங்க."

சொன்னேன். "புதன்கெழம வர்றாங்களாம் கொழுந்தனாரே." எந்தக் கிழமை என்று அவர் முன்பே கேட்டிருந்தார், அதனால் கிழமையைச் சொன்னேன். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை, அதனால் அதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் கேமராவுக்கு நேராக முறத்தைப் போட்டு உட்கார்ந்து, கொத்தவரங்காய் வற்றலைக் கொட்டினேன். மோரில் ஊறிக் காய்ந்த கொத்தவரை வற்றல், புகை பிடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தால், நெத்திலிக் கருவாட்டுக்குக் கூடப்பிறந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைக் கிள்ளினேன். கிள்ளிய தலையை ஓரமாகப் போட்டேன். சர்வர் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அலசினார். மணல் போக மறுபடி அலசினார். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"பூன வரல ஆயா" என்றார் சர்வர் மெல்ல.

"வந்த மாதிரி தொரத்து."

இல்லாத பூனையைத் தோசைக் கரண்டியோடு வாசல்வரை துரத்திக்கொண்டு போனார். அந்த மனிதரை நான் சந்தேகப்பட்ட நாட்கள் வீண். முன்பே தெரிந்திருந்தால் நாடகத்துக்கு அனுப்பியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் மார்க்கெட்டுக்குப் போய் வந்தது. அப்புறம் வாடை வந்தது. நல்ல நெத்திலிக் கருவாடு, பூண்டு தட்டிப் போட்டு, தெருவே மணந்தது. எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. பழி வாங்கும்போது பசிக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

வார்டனம்மா நெற்றி நிறைய திருநீறோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ரோட்டுப் பக்கக் கடைதான் முதலில். கொழுந்தனார் புது வேட்டியில் கும்பிட்டு நின்றார். அந்தம்மா படியில் ஒரு கால் வைத்தார், முந்தானையை மூக்கில் வைத்தார், படியிலிருந்து காலை எடுத்தார். நேராகச் சந்துக்குள் வந்தார்.

வற்றல் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், ரசம், மோர். அந்தம்மா குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிய நேரத்தில் கொழுந்தனார் வாசலில் வந்து நின்றார். இலையை எட்டிப் பார்த்தார். அடுப்பை எட்டிப் பார்த்தார்.

"கருவாடு எங்க அண்ணி?"

"எந்தக் கருவாடு?"

"காலையில மொறத்துல கொட்டி தலயக் கிள்ளிக்கினு இருந்தீங்களே."

சர்வர் ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் அடுப்படியில நான் எதக் கிள்ளனேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும் கொழுந்தனாரே? செவுத்துல ஓட்ட இருக்குதா?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, பார்க்கக் கூடாத இடத்தை, மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார். வார்டனம்மாவும் திரும்பி அதைப் பார்த்தார். படித்தவர், புரிந்துகொண்டார். "பொம்பளங்க சமைக்கற எடத்த வேவு பாக்கறவரு கையில எங்க பொண்ணுங்க சாப்பாட்டக் குடுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு மோருக்குச் சோறு வாங்கினார்.

சாயங்காலம் மருமகளுக்கு போன் செய்தேன். "இப்ப மாத்துடி" என்றேன். என்னிடம் விட்டுப்போயிருந்த கம்ப்யூட்டர் வழியாக, திண்டிவனத்தில் இருந்தபடியே அவள் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினாள். பில் மேசைக் கம்ப்யூட்டரில் அந்தப் பெரிய டிவியின் பொட்டு சிவந்தது. அன்றிலிருந்து கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு அந்தச் சிவப்புப் பொட்டையும் ஒரு முறை பார்க்கிறேன். குங்குமம்போல இருக்கிறது.

காலேஜ் சாப்பாட்டு வண்டி தினமும் ரோட்டுப் பக்கக் கடை வாசலில்தான் வந்து நிற்கும். சந்துக்குள் நுழையாதாம். என் பாத்திரங்கள் எல்லாம் அவர் போர்டைத் தாண்டித்தான் போகின்றன. பின்பக்கம் எனக்கு வந்ததில் இப்படியும் ஒரு வசதி.

சுவருக்கு அந்தப் பக்கம் மதியத்தில் சீரியல் சத்தம் இல்லை. அந்த மாமியார் அழுகையை நிறுத்தினாளா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சந்துக்குள் வந்தார்.

"அண்ணி, ஒங்க பக்கம் நெட்டு வருதுங்களா?"

"ஜோரா வருதே. ஒங்களுக்கு வரலியா?"

"வரலீங்க. என்னா ரிப்பேருன்னு தெரில."

"எனக்கு என்னாபா தெரியும், படிக்காதவ" என்றேன், முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே. "எதுவா இருந்தாலும் சர்வரக் கேளுங்க."

உள்ளேயிருந்து சர்வர் தோளில் துண்டோடு வெளியே வந்தார். கொழுந்தனாரைக் கீழிருந்து மேல்வரை நிதானமாக ஒரு ஸ்கேன் எடுத்தார்.

"சாப்பாடா, பார்சலா?" என்றார்.