குழாய் விண்ணப்பத்தில் ஒரு திருத்தம்

காஸ் ஸ்ரேசனில், அதுதான் பெற்றோல் நிலையத்தில், வேலை செய்கிறவனைக் கண்டால், எண்ணெய்க் கிணறு அவன் வீட்டுப் பின்வளவில் இருப்பதாகத்தான் சனம் நினைக்கும். கனடாவில், வெக்ஸ்போர்ட்டில், பதினெட்டு வருசமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். உங்களில் யாராவது அப்படி நின்றிருந்தால், நான் சொல்லப்போவது விளங்கும்.

கேளாமல் சொன்ன கணக்கு

மேற்கிலிருந்து வரும் எண்ணெய்க் குழாய் ஒன்று அமெரிக்காவுக்குள் புகுந்து, இரண்டு பெரிய ஏரிகள் சேருமிடத்தில் தண்ணீருக்கடியால் வந்து, சார்ணியாவில் திரும்பக் கனடாவுக்குள் ஏறுகிறது. கசிந்தால் ஏரி கெட்டுவிடும், அதை மூடு என்று அங்கே வழக்கு. மூடக்கூடாதென்று இங்கே கூச்சல். ஒரு நாளைக்கு ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் பீப்பாய் என்று செய்தியில் சொன்னார்கள். பீப்பாய்க்கு நூற்று ஐம்பத்தொன்பது லீற்றர் வைத்து, ரசீதின் பின்பக்கத்தில் பெருக்கினேன். எங்கள் நிலத்தடித் தாங்கி நாற்பதாயிரம் லீற்றர் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறரைத் தாங்கி.

நான் அதிகம் கதைக்கிறவன் அல்ல. அன்றைக்கு மட்டும், காசு கட்ட வந்த ஒரு வான்காரரிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவ்வளவு வருதெண்டா, பிறகேன் ஐயா விலை ஏறுது?”

மன்னார்க்காரர்

அன்ரன் அண்ணை மன்னாரில் கடலுக்குப் போனவர். இங்கே சனிக்கிழமைகளில் மீன்பிடிக்க ஏரிக்குப் போவார். படகு எஞ்சினுக்கு இரண்டு கானில் பெற்றோல் அடிப்பார். குழாயைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

“கசிஞ்சா மனுசர் கோட்டுக்குப் போவினம். மீன் ஆரிட்டைப் போறது? சரி, மற்றக் கானுக்கும் சேர்த்துப் போடும்.”

முப்பத்தொரு கையெழுத்து

கலா எனக்கு அடுத்த சிப்ட். அவளுடைய கணவர் சார்ணியாவில் சுத்திகரிப்பு ஆலையில் வெல்டர். வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். குழாய் நின்றால் அந்த வேலையும் நிற்கும். குழாயை மூட விடாதீர்கள் என்று அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, தன் மாடிக் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டி, முப்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். வியாழக்கிழமை அதை எம்.பி.யின் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

“முப்பத்திரண்டாவது நீங்கள் அண்ணை” என்று தாளை என்னிடம் வைத்துவிட்டுப் போனாள்.

கையெழுத்துப் போடத்தான் பேனையை எடுத்தேன். அன்ரன் அண்ணையின் மீன் ஞாபகம் வந்தது. யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டுமென்று மேலே இருந்ததை வாசித்தேன். ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் பீப்பாயும் மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத எண்ணெய், என்று எழுதியிருந்தது. அது பிழை. இயற்கை வாயுத் திரவங்களும் அதே குழாயில்தான் வருகின்றன. சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே சரியாக எழுதினேன். கையெழுத்தை நாளைக்குப் போடலாம் என்று தாளை அவளுடைய மேசை லாச்சியில் வைத்தேன்.

அவள் அதைக் கவனியாமல் எம்.பி.யின் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். சனம் கையெழுத்து வைத்த பிறகு வாசகத்தை மாற்றினால் அந்தத் தாள் செல்லாது என்று அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். திரும்பி வந்து என் முன்னால் விரித்தாள். சத்தம் போடவில்லை.

“ஒரு பிழையைத் திருத்தினியள் அண்ணை. முப்பத்தொரு பேரை வெட்டிப் போட்டியள்.”

புதுத் தாள்

இரவிரவாக நல்ல தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன். எண்களை மூன்று தரம் சரிபார்த்தேன். அவளோடு கதவு தட்டவும் வருகிறேன் என்றேன். பதினெட்டு வருசத்தில் நான் யாருடைய கதவையும் தட்டியதில்லை. கலா தாளை வாசித்து, மடித்து, என் பக்கம் தள்ளினாள்.

“வடிவா எழுதியிருக்கிறியள். எம்.பி. காலமை பாராளுமன்றத்துக்கெண்டு ஒட்டாவாவுக்குப் போயிட்டார். என்ரை மனுசனும் இனி வேறை வேலை பாக்கிறன் எண்டு சொல்லிப் போட்டார்.”

ஒரு சொல்லும் பிழையில்லாத விண்ணப்பம் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு கையெழுத்தும் இல்லை, என்னுடையதுகூட.