பதினாறு பீப்பாய் வீடு

செல்லக்கிளி தன் புருஷன் பாவாடையிடம் கேட்டது ஒன்றுதான். தண்ணீர் நுழையாத வீடு. கட்டினால் வருவாள். இல்லையென்றால் வடக்குத்து ஊரில் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

நிலக்கரிச் சுரங்கத்தில் முதன்முதலாகக் கரி கண்ட வருஷம், ஐப்பசியில் ஓடை பெருகிக் குடிசைக்குள் வந்தபோது, அப்போதுதான் நடை பழகியிருந்த அவர்களுடைய பெண் குழந்தையைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை. செல்லக்கிளி அழுது பாவாடை பார்க்கவில்லை. ஈரச் சேலையோடு அண்ணன் வீட்டுக்கு நடந்து போனவள்தான்.

வேறு இடத்தில் கட்டப் பாவாடைக்கு நிலம் இல்லை. பிறந்த ஊர் சுரங்கத்துக்குள் போயிருந்தது. குவார்ட்டர்ஸ் பெர்மனென்ட் ஆட்களுக்கு, அவன் கான்ட்ராக்ட். மேட்டிலிருந்த முந்திரித் தோப்புகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஓடைப் புறம்போக்குக்கு மட்டும்தான் யாரும் போட்டிக்கு வரவில்லை. பூமிக்கு அடியிலிருந்து இறைக்கிற தண்ணீர் அந்த ஓடையில் ஓடும். எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும், காய்ச்சல்காரன் கையைத் தொட்ட மாதிரி.

மந்தாரக்குப்பத்து எண்ணெய்க் கிடங்கில் காலிப் பீப்பாய்களை உருட்டி அடுக்குவது அவன் வேலை. ஒரு மழை நாளில் குழியில் கிடந்த பீப்பாய் மிதந்தது. காலால் அழுத்தினான். அமுங்கி, காலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

துருவேறிக் கழித்துப்போட்ட பதினாறைக் கேட்டு வாங்கினான். ஓட்டைகளைத் தாரால் அடைத்தான். மேலே மூங்கில் தளம், தட்டிச் சுவர், விழல் கூரை. நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பம் நட்டு, தளத்தை இரும்பு வளையங்களால் கம்பங்களோடு கோத்தான். தண்ணீர் ஏறினால் வளையம் கம்பத்தில் வழுக்கி மேலே போகும். வீடும் போகும். ஆனால் அடித்துக்கொண்டு போகாது.

"இன்னாடா, வூடு கட்டறியா, கப்பல் வுடறியா?" என்றான் கூட வேலை செய்யும் கொளஞ்சியப்பன்.

"வூடுதான்."

"ரங்கூனுக்குப் போறப்ப என்னையும் ஏத்திக்க."

செல்லக்கிளியின் அண்ணன் மருதமுத்து வந்து பார்த்தான். சிரிக்கவில்லை.

"மச்சான், நெலை எங்க?"

"தளத்து மேலதான் நிறுத்தணும்."

"வாசநெலை மண்ணுல நிக்கணும். அடியில நவதானியம் போட்டு, பாலு ஊத்தி நட்டாத்தான் அது வூடு. மண்ணத் தொடாத நெலைக்கு எந்தச் சாமி காவலிருக்கும்? என் தங்கச்சிய இதுல வுடமாட்டேன்."

மண்ணில் நட்டால் வீடு எழும்பாது என்று பாவாடைக்குத் தெரியும். ஆனால் அவள் வரவேண்டும். நீளமான கால்கள் வைத்து நிலை செய்தான். தளத்துக்கு முன்னால் பள்ளம் தோண்டி நட்டு, சுவரோடு கயிற்றால் பிணைத்தான். வெள்ளம் வந்தால் கயிற்றை அறுத்துவிடலாம். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த நிலை வழியாகச் செல்லக்கிளி வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள்.

அவள் வந்த பதினெட்டாம் நாள் நல்ல வெயில். மேற்கே எங்கோ பெய்திருந்தது. உச்சிப்பொழுதில் தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. முதலில் கோரைகளுக்கு நடுவே பளபளத்தது. பிறகு கோரை தெரியவில்லை. அடியில் பீப்பாய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பாவாடை அரிவாளால் கயிறுகளை அறுத்தான். யாரோ இரண்டு கையாலும் தூக்குவதுபோல வீடு எழும்பி, கொஞ்சம் பின்னால் விலகிற்று. நிலை மட்டும் வரவில்லை. சாத்திய கதவோடு, மஞ்சளும் பொட்டுமாக, தண்ணீருக்கு நடுவில் தனியாக நின்றது.

கதவுக்கு வெளிப்பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது.

"யாரோ தட்றாங்க," என்றாள் செல்லக்கிளி.

"கட்டை மோதுது."

"கட்டை இப்படியா மோதும்? தட்டிக்கினே இருக்குது. கீழயே தட்டுது. மேல எட்டல அதுக்கு."

அவள் எழுந்து தளத்தின் விளிம்புக்கு வந்து ஒரு காலைத் தண்ணீரில் விட்டாள்.

"தொறக்கறீங்களா, நானே போவட்டுமா?"

அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். மார்பளவுத் தண்ணீர். வெதுவெதுப்பு. தாழ்ப்பாளை நீக்கினான். தண்ணீருக்குள் பாதி முழுகிய கதவை இழுக்கப் பலம் வேண்டியிருக்கும் என்று நினைத்தான். கை வைக்குமுன் தானாகத் திறந்தது. வெளியே வெயிலும் தண்ணீரும்தான். கட்டை எதுவும் இல்லை.

"ஒண்ணுமில்ல புள்ள," என்று திரும்பினான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் முழங்கைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். விட்ட இடத்தின் பக்கமாக வீடு மெல்லச் சாய்ந்தது. ஒரு விரற்கடைதான்.

வெள்ளம் ஐந்து நாள் நின்றது. இருவரும் அவல் தின்றார்கள். சாய்வு நேராகவில்லை. பாவாடை எதிர் மூலையில் உட்கார்ந்து ஈடுகட்டினான். தார் விட்டு ஒரு பீப்பாயில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மேட்டிலிருந்து மருதமுத்து, வந்துவிடச் சொல்லிக் கூவினான். "நாங்க எதுக்கு வரணும்? நல்லாத்தான் இருக்கறோம்," என்று செல்லக்கிளி திருப்பிக் கூவினாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம்.

ஆறாம் நாள் வீடு சேற்றில் இறங்கிற்று. பாவாடை அடியில் தவழ்ந்துபோய் ஒவ்வொரு பீப்பாயாக விரல் முட்டியால் தட்டினான். தண்ணீர் புகுந்ததென்றால் சத்தம் மந்தமாக வரும். அவன் காதுக்கு அது தப்பாது. பதினாறும் காலியாக ஒலித்தன. நம்பாமல் முதலிலிருந்து மறுபடி தட்டிக்கொண்டு வந்தான்.

மூங்கில் இடுக்கு வழியாகச் செல்லக்கிளியின் குரல் இறங்கி வந்தது.

"மெல்லத் தட்டுங்க. இப்பத்தான் தூங்குது."

இனி அவள் வடக்குத்துக்குப் போகமாட்டாள். பாவாடை கையை எடுத்துக்கொண்டான்.