கருவிழியில் ஒரு தூசி

நைலான் சேலையை மடிக்கையில் சடசடவென்று பொறி தெறித்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

என் சிறுவயதில், பாறசாலை வீட்டுக் குளியலறைதான் அப்பா புகைப்படம் கழுவும் இருட்டறை. தூசி எழாதிருக்கத் தரையை நனைத்த பிறகே நெகட்டிவைத் தொடுவார். அன்று பக்கத்து வீட்டு எஸ்தர் மாமி, இறந்த மகனின் ஒரே படத்துக்காக வெளியே காத்திருந்தாள். மாலையில் நினைவு ஜெபம். அப்பா தண்ணீர் தெளிக்கும் நேரத்தில், உதவுவதாக நினைத்து நெகட்டிவை என் நைலான் பாவாடையில் துடைத்தேன்.

மீதமிருந்த கடைசி ஃபோட்டோத் தாளில் முகம் மெல்லத் தெளிந்தது. கருவிழியில் வெள்ளைப் புள்ளி.

"நைலான் தேய்ச்சா தூசி வந்து ஒட்டுமாக்கும், மக்கா," என்றார் அப்பா தணிந்த குரலில்.

மாமி கதவைத் தட்டினாள்.

"இன்னா வாறேன்," என்றவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு மையால் அந்தக் கண்ணை வரைந்தார்.

மாமி இன்றும் அந்தப் படத்தைத் துடைக்கிறாள். "அவனுக்க கண்ணு என்னத்தானாக்கும் பாக்குது," என்பாள். நான் தலையாட்டுவேன், படத்தை மட்டும் பார்க்கமாட்டேன்.