மர்மக் காய்ச்சல் என்று எழுதப்பட்ட ஆம்பூர்த் தெரு

போன மழைக்காலத்தில் வேலூர் போனேன். தொற்றுநோய் பரவும்போது செய்தி எழுதுவது எப்படி என்று மாவட்ட நிருபர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. பாடம் எடுத்தது நான். சென்னையில் காலை ஆறு மணிக்கு ரயில், எட்டேகாலுக்குக் காட்பாடி. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய்.

"மர்மக் காய்ச்சல் என்று தலைப்புப் போடாதீர்கள்" என்றேன். ஆம்பூர் நிருபர் குமரேசன் சிரித்தார். "அப்படிப் போட்டாத்தான் மேடம் படிக்கிறாங்க. போன மாசம் நானே போட்டேன்." தெருவின் பெயரையும் போட்டாராம். அது மஞ்சள் காமாலை என்று முந்தின நாளே பரிசோதனை முடிவு வந்திருந்தது. அதுவும் அவருக்குத் தெரியுமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்தத் தெருவைக் காட்டுங்க" என்றேன்.

பயிற்சி முடிந்து மூன்றரைக்கு பஸ் ஏறினோம். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஆம்பூர் என்றால் பிரியாணி பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் தெருவில் நாங்கள் கதவைத் தட்டியது ஷாஹினாவின் வீட்டில். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டியவர். குமரேசன் யார் என்பதை நானே சொன்னேன். கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். சாத்தவில்லை.

"எங்க பாப்பாவுக்குக் காமாலை ரெண்டு வாரத்துல சரியாப் போச்சு சார். பேப்பர் வந்த அன்னிக்கே சூப்பர்வைசர் என்னை வராதன்னுட்டாரு. டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தேன். அவரு உங்க பேப்பரை எடுத்துக் காட்டுறாரு. இந்தத் தெருவுல பதினோரு பேரு வீட்ல குந்தினு இருக்கோம்."

"தலைப்பு ஆபீஸ்ல வைக்கிறதுமா" என்றார் குமரேசன்.

"காலைல நானே போட்டேன்னு சொன்னீங்க" என்றேன்.

ஷாஹினா எங்களைத் தெருமுனைக்குக் கூட்டிப்போனார். குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் முங்கிப் போகிறது. உடைந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தார்கள். "இதச் சொல்லிச் சொல்லிப் பேஜாராப் போச்சு. இத இன்னாத்துக்கு சார் போடல?"

குமரேசன் படம் எடுத்தார். நோயின் பெயரோடு, தெருப் பெயர் இல்லாமல், நான்கு நாள் கழித்து ஏழாம் பக்கத்தின் அடியில் செய்தி வந்தது. அடுத்த வாரம் குழாயை மாற்றினார்கள். எட்டுப் பேரைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. ஷாஹினாவைக் கூப்பிடவில்லை. சூப்பர்வைசரிடம் வாக்குவாதம் செய்தார் என்று காரணம் சொன்னார்களாம். இப்போது தினமும் பேரணாம்பட்டுக்கு பஸ்ஸில் போய் வேறொரு இடத்தில் தைக்கிறார்.

குமரேசன் மீது மட்டுமா கோபம்? நாள் முழுக்கக் கிருமியைப் பற்றிப் பேசிய நான், செய்தியில் பெயர் வந்தவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒதுக்கியது ஐந்தே நிமிடம்.

ஆம்பூர் போகிறவர்கள் மாலை ஐந்தரையைத் தவிர்த்துவிடுங்கள். ஷிப்ட் விடும் நேரம், பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. பயிற்சி நடத்தப் போகிறவர்கள், நோய் வந்த தெருவிலிருந்து ஒருவரை அழைத்து முதலில் அவரைப் பேசவிடுங்கள். அடுத்த பயிற்சிக்கு ஷாஹினாவைக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வைங்க, வர்றேன்" என்றார். ஞாயிறு என்றால் நிருபர்கள் வரமாட்டார்கள் என்கிறார் ஏற்பாட்டாளர். ஞாயிறுதான் என்று சொல்லிவிட்டேன். வராதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது.