அண்ணன் வீட்டுத் தாழ்ப்பாள்

“பாதிநிலா வந்தாச்சான்னு பாருங்க. அவங்க அண்ணன் பக்கத்துல மட்டும் உக்கார வெச்சுடாதீங்க.”

என் கல்யாணத்தன்று மாமியார் யாரிடமோ இப்படிச் சொன்னபோதுதான் அந்தப் பட்டப்பேரை முதன்முதலாகக் கேட்டேன். பாதிநிலா என் மாமியாருடைய அக்காவின் இளைய மகன். பூட்டு ரிப்பேர் செய்கிறவர். அவருக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு கிரகணம்.

நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முந்தி ஒரு ராத்திரி, பாதி நிலாவை மறைக்கிற கிரகணம் வந்தது. வீடே மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தது. கடைசியாக இறங்கிய அண்ணன், தம்பி மேலே இருப்பதை மறந்து, மாடிக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்கிப்போனார். தம்பி எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். தாழ்ப்பாளில் சாவித் துவாரம் இல்லையே. விடிந்து கதவைத் திறந்த அண்ணன் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். “பூட்டுக்காரனையே பூட்டிட்டேன் பாரு” என்று தெரு கேட்கச் சிரித்தார்.

“இதே கிரகணம் திரும்பி வந்தாத்தான் இனிமே இந்த வீட்டுப் படி மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டுத் தம்பி கடையிலேயே குடியேறினார். போன கிரகணம் போனதுதான் என்று நினைத்திருந்தார், பாவம். பதினெட்டு வருஷத்துக்கு ஒருமுறை அது திரும்பி வரும் என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். சொன்னபடி பதினெட்டு வருஷம் ஆனதும் அண்ணன் மனைவி கடைக்குப் போனார்.

“தம்பி, இன்னைக்கு உங்க கிரகணம். கிளம்புங்க.”

“எங்க, அண்ணி? காட்டுங்க பாப்போம்.”

வெளியே வெயில் ஏறியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் எட்டு மணி நேரம் பிந்தி வருமாம். அதனால் அந்தத் தடவை நமக்கு விடிந்தபிறகு வந்தது. வேறு தேசத்துக்காரர்கள் பார்த்தார்கள். அதற்கடுத்த சுற்று பிற்பகல் வெயிலில். அண்ணி அப்போதும் போனார். பாதிநிலா அப்போதும் அண்ணாந்து பார்த்துவிட்டு அரத்தை எடுத்துச் சாவி ராவ ஆரம்பித்தார்.

மூன்றாவது சுற்றில் பழையபடி ராத்திரிக்கே வந்துவிடும். அது அடுத்த மாதம். அண்ணனுக்கோ எண்பது தாண்டி, படுத்த படுக்கை. அதுவரை இருப்பாரா என்று கேட்டால் டாக்டர் வேறு பக்கம் பார்க்கிறார்.

போன வாரம் அண்ணி மறுபடி கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

“மாடிக் கதவுத் தாழ்ப்பாள் இறுகிப்போச்சு தம்பி. கிரகணம் பாக்கணும்னு உங்கண்ணன் அடம் பிடிக்கிறாரு.”

“ஊர்ல வேற ஆளே இல்லையா?”

“அந்தத் தாழ்ப்பாளைப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமாம். அவர்தான் சொன்னாரு.”

பாதிநிலா சுத்தியலைப் பையில் போட்டார்.

“தொழிலுக்குத்தான் வர்றேன் அண்ணி. விருந்தாடியா இல்ல.”

“நான் ஒண்ணும் சமைச்சு வெக்கலையே.”

கட்டிலில் கிடந்த அண்ணன், “யாரு, பூட்டுக்காரனா?” என்றார்.

“ஆமா. வேலை முடியாம போக மாட்டேன்.”

நானும் மாடிப்படி ஏறிப் போனேன். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு ஓடியது. பாதிநிலா ஒரு தரம் இழுத்தார், ஒரு தரம் தள்ளினார்.

“ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. நாளாகும்” என்றார்.

இப்போது பாதிநிலா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்கை. தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருக்கிறார். இன்னும் மாட்டவில்லை.